பூங்காவுக்குக் காவல் யார்?

பெங்களூரில் குடும்பத்தோடு போய் உட்கார இன்னும் புல்தரை இருக்கிறது. அது தானாக மிஞ்சிய நிலம் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக் பாறை ஏறக்குறைய ஒரு திருவிழாத் திடல். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் பிடித்து வந்த குடும்பங்கள், அல்சூரிலிருந்து பேரன் பேத்திகளைக் கூட்டி வந்த தாத்தாக்கள், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஜோடிகள். சரிவில் பிள்ளைகள் ஓட, பின்னாலேயே அம்மாக்களின் குரல் ஓடுகிறது. அவர்கள் காலடியில் இருக்கும் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். 1975-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதைச் சொல்லும் பலகையின் முன் நிற்பவர்கள் குறைவு. பாறை உச்சியில் உள்ள கெம்பே கவுடா கோபுரத்தின் முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளத்தான் போட்டி.

நாலு பேர் கொண்ட குடும்பம் ஒரு மாலுக்குள் போய்விட்டு வெளியே வந்தால் பர்ஸ் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். லால்பாக்கில் டிக்கெட் வாங்கி நுழைந்துவிட்டால் 240 ஏக்கரும் பகல் முழுவதும் உங்களுடையது. கப்பன் பூங்காவில் டிக்கெட்டே கிடையாது. நிலத்தின் விலை சதுர அடிக் கணக்கில் எகிறிக்கொண்டிருக்கும் ஒரு நகரத்தின் நடுவில் இது சாதாரண விஷயமல்ல. அதனாலேயே இந்த நிலத்தின் மீது பல கண்கள்.

லால்பாக்கை 1760-இல் தொடங்கியவர் ஹைதர் அலி. சுமார் 40 ஏக்கரில், மொகலாயத் தோட்டங்களின் சாயலில். மகன் திப்பு சுல்தான் வெளிநாடுகளிலிருந்து விதைகளும் கன்றுகளும் வரவழைத்தார். ராஜாக்களின் பெயர்கள் பாடப் புத்தகத்தில் உண்டு. மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? பெங்களூரின் பரம்பரைத் தோட்டக்காரர்கள் திகளர்கள். வன்னிகுல க்ஷத்ரியர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இவர்கள் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர்கள். தமிழும் கன்னடமும் கலந்த பேச்சு இன்னமும் சில வீடுகளில் புழங்குகிறது. இவர்களுடைய குலதெய்வம் யார் தெரியுமா? வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகமே தேவைப்படாத திரௌபதி அம்மன்தான். ஒவ்வோர் ஆண்டும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, தர்மராயர் கோயிலிலிருந்து இவர்கள் எடுக்கும் கரகத்தைப் பார்க்க நகரமே இரவு முழுவதும் விழித்திருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் லால்பாக் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. 1870-களில் பொறுப்பேற்று 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் ஜான் கேமரூன். லண்டன் கிரிஸ்டல் பேலஸை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட கண்ணாடி மாளிகைக்கு 1889-இல் அடிக்கல் நாட்டப்பட்டது அவர் காலத்தில்தான். ஆனால் தமிழ்நாட்டுச் சமையலறைகளில் கேமரூனை நினைக்க வேறு காரணம் உண்டு. மெக்ஸிகோ பக்கத்துக் கொடியான சௌசௌவை இங்கே பயிரிட்டுப் பரப்பிய பெருமை அவருக்குத் தரப்படுகிறது. நம் ஊர்க் காய்கறிக் கடைகளில் அதற்கு இன்றும் ‘பெங்களூர் கத்திரிக்காய்’ என்றுதான் பெயர். கூட்டு வைக்கிறவர்களுக்கு லால்பாக் ஞாபகம் வராவிட்டாலும், காய் அந்த வழியாக வந்ததுதான்.

அடுத்து வந்தவர் ஜெர்மானியர் குஸ்டாவ் கிரும்பிகல். லண்டன் கியூ தோட்டத்திலிருந்து பரோடாவுக்கு வந்து, பிறகு மைசூர் சமஸ்தானத்தில் சேர்ந்து, 1908 முதல் 1932 வரை லால்பாக்கை நிர்வகித்தவர். ஒரு மரம் உதிர்க்கும்போது இன்னொன்று பூக்க வேண்டும், வருடம் முழுவதும் ஏதாவது ஒரு தெரு நிறம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மார்ச்சில் ஜகரண்டாவின் ஊதா, கோடையில் குல்மொஹரின் சிவப்பு என்று பெங்களூர் இன்றும் அந்த வழியில்தான் பூக்கிறது. 1956-இல் இதே ஊரில் காலமானார்.

குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை மலர்க் கண்காட்சி. 2022 ஆகஸ்டில் நடிகர் ராஜ்குமாருக்கும் அவர் மகன் புனீத்துக்கும் அஞ்சலியாகக் கண்ணாடி மாளிகை அலங்கரிக்கப்பட்டது. 2023-இல் பூக்களாலேயே ஒரு விதான சௌதா எழுந்தது. பார்க்க லட்சக்கணக்கில் கூட்டம். உண்மையைச் சொன்னால், கைக்குழந்தையோடு போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. பூவைவிட முன்னால் நிற்பவரின் முதுகுதான் அதிகம் தெரியும். கண்காட்சி முடிந்த அடுத்த வாரம், வார நாளில், காலை நேரத்தில் போனால் இருநூறு வயது என்று சொல்லப்படும் இலவம் பஞ்சு மரத்தின் கீழே நீங்களும் அணில்களும்தான்.

கப்பன் பூங்காவின் குணம் வேறு. 1870-இல் ரிச்சர்ட் சாங்கி அமைத்தது. முதலில் 100 ஏக்கர், பிறகு 300 ஏக்கராக விரிந்தது என்கிறார்கள். ஆனால் அதற்குள்ளேயே ஹைக்கோர்ட், கிளப், டென்னிஸ் ஸ்டேடியம், மியூசியம் எல்லாம் இருக்கின்றன. சிவப்பு நிற மத்திய நூலகக் கட்டடம், 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்த பாலக்காட்டுத் தமிழர் சேஷாத்ரி ஐயரின் நினைவு மண்டபம். ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே வாகனங்களுக்குத் தடை என்பதால் சைக்கிள் பழகும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். 

இந்த இரண்டு பூங்காக்களையும் காப்பதற்கென்றே 1975-இல் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் இல்லாத நிலம் என்ன ஆகும் என்பதற்கு கப்பன் பூங்காவின் அருகிலேயே சாட்சி இருக்கிறது. திகளர்கள் தோட்டம் போட்டு வாழ்ந்த சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் இன்று கண்டீரவா ஸ்டேடியம். கரகச் சடங்குக்காக ஒரு சின்னக் குளம் மட்டும் மிச்சம்.

சட்டம் இருந்தும் சோதனைகள் ஓயவில்லை. 1998-இல் கப்பன் பூங்காவின் எல்லையிலிருந்து 32 ஏக்கரை நீக்க அரசு முனைந்தபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஊர்வலம், வழக்கு இரண்டும் நடந்தன. அடுத்த பத்தாண்டில் மெட்ரோ ரயிலுக்காகச் சட்டமே திருத்தப்பட்டது. 2009-இல் லால்பாக்கின் மதில் ஒரு பக்கம் இடிக்கப்பட்டு மரங்கள் சாய்ந்தபோது, கைகோர்த்து நின்றவர்களைப் போலீஸ் அப்புறப்படுத்தியது. 2017-இல் அந்த மெட்ரோ ஓடத் தொடங்கியது. இன்று கார் இல்லாத குடும்பங்களை லால்பாக்குக்கு அழைத்து வருவதும் அதே ரயில்தான். இழப்பை எந்தப் பக்கம் எழுதுவது, லாபத்தை எந்தப் பக்கம் எழுதுவது என்று கணக்குப் பிள்ளையே குழம்புவார்.

2025-இல் வந்த திட்டத்தில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை சுமார் 17 கிலோமீட்டர் சுரங்கச் சாலை. அதற்கு லால்பாக்கில் ஒரு வாசல். ரயிலாவது ஜனங்களைக் கொண்டு வந்தது, இது கார்களுக்கான வழி. நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள், சுற்றுச்சூழல் ஆர்வலர்கள், எதிர்க்கட்சியினர் என்று எதிர்ப்பு கிளம்பி, விஷயம் ஹைக்கோர்ட் வரை போனது. பூங்கா நிலத்தை அதிகம் தொடாமல் வாசலை மாற்றி அமைப்பது பற்றி அரசுத் தரப்பும் பேச வேண்டியதாயிற்று.

நகரத்துக்கு வெளியே போக நினைப்பவர்களுக்கு 60 கிலோமீட்டரில் நந்தி மலை இருக்கிறது. 1927-இலும் 1936-இலும் காந்தி உடல்நலத்துக்காகத் தங்கிய இடம். விடியற்காலைப் பனியைப் பார்க்க விடுமுறை நாளில் கிளம்பினால் பார்ப்பது பெரும்பாலும் கார் வரிசையைத்தான். பன்னர்கட்டாவில் மிருகங்களும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் உண்டு; அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்க வேண்டும்.

லால்பாக் பிரதான வாசல் வழியாக வெளியே வருகிறவர்களில் பாதிப் பேர் நேராகப் போவது, லால்பாக் ரோட்டில் இருக்கும் எம்.டி.ஆருக்கு. 1924-இல் தொடங்கியது; இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவா இட்லியைக் கண்டுபிடித்தது தாங்கள்தான் என்பது அவர்கள் கட்சி. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெயர் கொடுத்துவிட்டு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் பசி தாங்க மாட்டார்கள் என்றால் முதலில் சாப்பாடு, பிறகு பூங்கா.