7 அயர்ன் எவ்வளவு தூரம் போகும்? குறைந்த விலை டிஸ்டன்ஸ் அயர்ன்களை எடைபோடுவது எப்படி

(ஒலிப்பதிவைச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரம் நேரா ஒரு நேயர் கேள்விக்குப் போயிடலாம். டெக்ஸாஸிலிருந்து ஒருத்தர் எழுதியிருக்கார். வயசு 58. கோல்ஃப் ஆட ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது. சனிக்கிழமை காலையில நாலு பேரா முனிசிபல் கோர்ஸ்ல ஆடுறாங்க. அவர் கேட்கிறது இதுதான்: “என் பழைய 7 அயர்ன் 120 யார்டு போகுது. புது செட் வாங்கின நண்பரோட 7 அயர்ன் 135 போகுது. ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வேகம். 600 டாலருக்குள்ள டிஸ்டன்ஸ் அயர்ன் வாங்கினா அந்த 15 யார்டு எனக்கும் வருமா? ரிட்டையர்மென்ட் நெருங்குது. இதுக்கப்புறம் இன்னொரு செட் வாங்கப் போறதில்லை.”

கடைசி வரிதான் முக்கியம். ஒரே ஒரு தடவை வாங்கப் போறார். அதனால கொஞ்சம் விரிவாவே பார்க்கலாம்.

முதல்ல சுருக்கமா ஒரு பதில்: 15 யார்டு பெரும்பாலும் வந்துடும். ஆனா அந்த 15-ல கிளப் கொடுக்கிறது எவ்வளவு, கிளப்புக்கு அடியில அச்சடிச்ச நம்பர் கொடுக்கிறது எவ்வளவுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். அது தெரிஞ்சா 600 டாலர் நல்ல செலவு. தெரியலைன்னா பழைய 6 அயர்னையே புது விலைக்கு வாங்கின கதை.

நம்பரை மறைச்சுட்டு டிகிரியைப் பாருங்க

கிளப்பின் முகம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் கோணத்தைத்தான் லாஃப்ட் என்கிறோம். லாஃப்ட் குறையக் குறைய பந்து தாழ்வாகக் கிளம்பி தூரமாகப் போகும். லாஃப்ட் கூடினால் உயரமாகப் போய் பக்கத்தில் விழும். இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பலருக்குத் தெரியாதது, 7 அயர்ன் என்றால் இத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது என்பது. ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

1980-களில் பல செட்களில் 7 அயர்ன் 35, 36 டிகிரி இருந்தது. இப்போ டைட்டலிஸ்ட் கம்பெனியின் 2023 மாடல்களையே எடுத்துக்குங்க. நல்லா ஆடுறவங்களுக்கான டி100-ல் 7 அயர்ன் 34 டிகிரி. தூரமும் உதவியும் வேண்டுபவர்களுக்கான டி350-ல் அதே 7 அயர்ன் 29 டிகிரி. டி100-ல் 6 அயர்னே 30 டிகிரிதான். அப்போ டி350-யின் 7, டி100-யின் 6-ஐ விடக் கொஞ்சம் ‘பலமான’ கிளப். கம்பெனி ஒண்ணு, நம்பர் ஒண்ணு, ஆனா கோணத்துல 5 டிகிரி வித்தியாசம். கேலவே 2020-ல் விட்ட மாவ்ரிக் செட்டில் 7 அயர்ன் 27 டிகிரி.

சாதாரணமா அடுத்தடுத்த ரெண்டு அயர்னுக்கு நடுவே 3-லிருந்து 4 டிகிரி இடைவெளி இருக்கும். ஆக, நண்பரோட 7 அயர்ன் 29 டிகிரி, நம்ம நேயரோடது 35 டிகிரின்னா, அவங்க ரெண்டு பேரும் ஒரே கிளப்பை அடிக்கவே இல்லை. நடுவுல ஒன்றரை கிளப் வித்தியாசம் இருக்கு.

அப்படின்னா இது ஏமாத்து வேலையா?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்றேன், ஏன்னா ‘எல்லாம் வெறும் லாஃப்ட் வித்தைதான்’ன்னு சொல்லிட்டுப் போறவங்களும் நிறைய.

டிஸ்டன்ஸ் அயர்ன்ல உண்மையான வேலைப்பாடு மூணு இருக்கு. முதலாவது, எடையைக் கீழே இறக்குவது. தலைப்பகுதியின் அடிப்பாகத்தை அகலமாக்குவார்கள். விலை அதிகமான செட்களில் டங்ஸ்டன் துண்டுகளை வைப்பார்கள். டங்ஸ்டன் எஃகைவிடக் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு அடர்த்தியான உலோகம். எடை கீழே போனால் பந்து தானாகவே உயரமாகக் கிளம்பும். இரண்டாவது, எடையை ஓரங்களுக்குத் தள்ளுவது. அப்போது நடுவில் படாத அடியிலும் தலை அதிகம் திரும்பாது. 1982-ல் வந்த பிங் ஐ 2 இந்த வழியில் பெரிய வெற்றி பெற்றது. மூன்றாவது, முகத்தை மெல்லியதாகச் செய்வது. பந்து படும்போது முகம் லேசாக உள்வாங்கித் திரும்பும். இந்த ஸ்பிரிங் விளைவு எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு கோல்ஃப் விதிகளில் உச்சவரம்பு உண்டு.

இப்போ கவனிங்க. எடை கீழே போய் பந்து உயரமா கிளம்பும்போது, பழைய 35 டிகிரியையே வெச்சா பந்து மேலே போய் மிதக்கும், தூரம் வராது. அதனாலதான் லாஃப்டைக் குறைக்கிறாங்க. தொழில்நுட்பமும் லாஃப்டும் கைகோத்துப் போற விஷயம். சிக்கல் எங்கே வருதுன்னா, எடையை இறக்குற வேலையைச் சரியா செய்யாம லாஃப்டை மட்டும் குறைச்சு ‘டிஸ்டன்ஸ்’னு பேர் வைக்கும்போது. விலை குறைவான செட்ல நாம கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான்.

பந்து நிக்குதா?

அயர்ன் என்பது கிரீனில் பந்தை நிறுத்துவதற்கான கருவி. 135 யார்டு போய் விழுந்து, இன்னும் 20 யார்டு உருண்டு கிரீனுக்குப் பின்னால போச்சுன்னா அந்தத் தூரத்தால என்ன லாபம்?

டிராக்மேன் நிறுவனம் முன்பு வெளியிட்ட டூர் சராசரிகளை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அதன்படி பிஜிஏ டூர் ஆண்கள் 7 அயர்னை மணிக்கு 90 மைல் வேகத்தில் அடித்தார்கள், கேரி 172 யார்டு. பந்து கிரீனில் இறங்கும் கோணம் 50 டிகிரி. எல்பிஜிஏ பெண்களின் வேகம் மணிக்கு 76 மைலாகத்தான் இருந்தது. கேரி 141 யார்டு. ஆனால் இறங்கும் கோணம் 47 டிகிரி. வேகம் 14 மைல் குறைஞ்சும் இறங்கும் கோணம் 3 டிகிரிதான் குறையுது. நம்மள மாதிரி வார இறுதி ஆட்டக்காரர்கள் பார்த்துக் கத்துக்க வேண்டியது அந்தப் பெண்களின் எண்களைத்தான்.

கிளப் பொருத்தித் தருபவர்கள் பொதுவாக இறங்கும் கோணம் 45 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கணும்னு பார்ப்பாங்க. ஸ்பின்னுக்கு ஒரு பழைய கணக்கு, கிளப் நம்பரை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்வது. 7 அயர்னுக்கு நிமிஷத்துக்கு 7,000 சுற்று. பலமான லாஃப்ட் உள்ள புது கிளப்ல 5,000 சொச்சம் வந்தா பயப்பட வேண்டாம், பந்து போதுமான உயரம் போனா அதுவே நிறுத்திடும். ஸ்பின்னும் குறைவு, உயரமும் குறைவுன்னா மட்டும் அந்த கிளப்பைக் கீழே வெச்சிடுங்க.

கடையில் சோதிக்கும் முறை

லாஞ்ச் மானிட்டர் இருக்கிற கடைக்குப் போங்க. உங்க பழைய 7 அயர்னையும் நீங்க வழக்கமா ஆடுற பந்தையும் கையோட கொண்டு போங்க. முதல் வேலையா, பழைய கிளப்பின் லாஃப்டை அளந்து தரச் சொல்லுங்க. அதுக்கான கருவி பல கடைகள்ல இருக்கு.

அப்புறம் புது செட்ல 7-ஐ மட்டும் அடிக்காதீங்க. 8, 9 ரெண்டையும் கேட்டு வாங்கி அடிங்க. ஒவ்வொண்ணுலயும் பத்துப் பந்து. ‘இது சரியா படலை, அழிச்சிடுங்க’ன்னு சொல்லவே கூடாது. கோர்ஸ்ல அதை யாரும் அழிக்கப் போறதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கு சொல்றேன். பழைய 7, 35 டிகிரி, கேரி 120. புது 7, 29 டிகிரி, கேரி 135. புது 8, 33 டிகிரி, 128. புது 9, 37 டிகிரி, 118. புது செட்ல 35 டிகிரிக்கு ஒரு கிளப் இருந்தா அது 8-க்கும் 9-க்கும் நடுவுல 123 போயிருக்கும். அப்போ டிகிரிக்கு டிகிரி வெச்சுப் பார்த்தா உண்மையான லாபம் 3 யார்டு. மிச்சம் 12 நம்பர் மாறினதால வந்தது.

‘வெறும் 3 யார்டுக்கா 600 டாலர்?’னு தோணும். இங்கேதான் அடுத்த எண்ணைப் பார்க்கணும். பத்து அடியில மோசமான மூணு அடி எங்கே விழுந்தது? பழைய கிளப்ல நடுவுல படாத பந்து 95-ல விழுந்து, புதுசுல அதே மாதிரி அடி 108-க்குப் போச்சுன்னா, அந்த 13 யார்டுதான் நீங்க காசு கொடுத்து வாங்குறது. பந்து தண்ணிக்குள்ள விழுறதுக்கும் தண்ணியைத் தாண்டுறதுக்கும் உள்ள வித்தியாசம் அது. செட்டோட சிறந்த அடியைக் காட்டித்தான் விற்பாங்க, நீங்க அதோட மோசமான அடியைப் பார்த்து வாங்குங்க.

இன்னொண்ணு. கடையில இருக்கிற பாய் நம்ம தப்பை மறைக்கும். பந்துக்கு முன்னாடியே தரையில பட்ட அடிகூட பாய்ல வழுக்கிட்டுப் போய் நல்ல எண்ணைக் காட்டும். முடிஞ்சா, புல்தரையில அடிச்சுப் பார்க்கிற டெமோ நாள்ல ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

7 அயர்னோட லாஃப்ட் குறைஞ்சா பிட்சிங் வெட்ஜ் வரைக்கும் எல்லாமே குறையும். டி100-ல் பிட்சிங் வெட்ஜ் 46 டிகிரி. பிங் ஜி430-ல் 41 டிகிரி. உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற சாண்ட் வெட்ஜ் 56 டிகிரின்னு வைங்க. நடுவுல 15 டிகிரி ஓட்டை. 30 யார்டுக்கும் மேல, முழு ஸ்விங்ல அடிக்கக் கிளப்பே இல்லாத ஒரு பள்ளம். பிங் இதுக்காகவே அந்த செட்டோட வரிசையில 45.5, 50 டிகிரி வெட்ஜ்களையும் வெச்சிருக்கு. அதை வாங்குற செலவையும் முதல் நாளே கூட்டிக்கணும்.

மேல்பக்கமும் இதே கதைதான். கிளப் செய்பவர்களிடம் 24/38 என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 24 டிகிரிக்குக் குறைவான லாஃப்ட், 38 அங்குலத்துக்கு மேல் நீளம் உள்ள அயர்னைச் சாதாரண ஆட்டக்காரரால் நம்பகமாக அடிக்க முடியாது என்பது அதன் சாரம். இன்றைய டிஸ்டன்ஸ் செட்களில் 5 அயர்ன் 21, 22 டிகிரி. மெதுவா அடிக்கிறவங்களுக்கு 5-உம் 6-உம் ஒரே இடத்துல விழும். காசு கொடுத்து வாங்கிப் பையில தூக்கிட்டு நடக்க வேண்டியதுதான்.

எங்கே வாங்கலாம்?

பெரிய கம்பெனிகளின் புது செட் ஆயிரம் டாலரைத் தொடுது. 600-க்குள்ள மூணு வழி இருக்கு. டூர் எட்ஜ், வில்சன் மாதிரி கொஞ்சம் குறைவான விலைக்குத் தர்ற கம்பெனிகள் ஒண்ணு. ஃபின்லாந்தின் டகோமோ, இல்லினாயின் சப் 70 மாதிரி கடைக்குப் போகாம நேரடியா ஆன்லைன்ல விற்கிறவங்க ரெண்டாவது. இவங்க செட்டை அடிச்சுப் பார்க்கிறது கஷ்டம், அதனால திருப்பிக் கொடுக்கிற நிபந்தனைகளைப் படிச்சிட்டு வாங்குங்க. மூணாவது, மூணு நாலு வருஷம் பழைய பெரிய கம்பெனி மாடல். அயர்ன்ல மாற்றம் மெதுவாத்தான் வரும், என் ஓட்டு இதுக்குத்தான்.

பழசு வாங்கும்போது பள்ளவரிகள் தேய்ஞ்சிருக்கா, கிரிப் வறண்டிருக்கா, முன்னாடி வெச்சிருந்தவர் கோணத்தை வளைச்சிருக்காரான்னு பாருங்க. பெரிய பிராண்ட் புது செட் நம்ப முடியாத விலைக்கு வந்தா போலியா இருக்கலாம். பேர் தெரிஞ்ச பழைய கிளப் கடையில வாங்குறது நல்லது.

டெக்ஸாஸ் நேயருக்கு

சார், உங்களுக்கு என் யோசனை இது. ஏழெட்டு கிளப் உள்ள முழு செட் வேண்டாம். 7, 8, 9, பிட்சிங் வெட்ஜ், அதே வரிசையின் கேப் வெட்ஜ்னு அஞ்சு கிளப் போதும். அகலமான அடிப்பாகம் உள்ள மாடலா பாருங்க. எடை குறைவான கிராஃபைட் ஷாஃப்டையும் ஸ்டீலையும் ரெண்டையும் அடிச்சுப் பார்த்து, இறங்கும் கோணம் எதுல நல்லா இருக்கோ அதை எடுங்க. மிச்சப் பணத்துல 5, 6 அயர்ன்களுக்குப் பதிலா ஒண்ணோ ரெண்டோ பழைய ஹைபிரிட் வாங்கிக்கலாம். சனிக்கிழமை நண்பர் 7 எடுக்கும்போது நீங்க 6-ஓ ஹைபிரிடோ எடுத்தாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாது. ஸ்கோர் கார்டுல எந்த கிளப்னு எழுத இடமே கிடையாது.

அடுத்த எபிசோட்ல கேப் வெட்ஜ் தேர்வு பத்தி விரிவா பேசலாம். கேள்விகளை அனுப்புங்க, அனுப்பும்போது மறக்காம உங்க கிளப்போட டிகிரியையும் சேர்த்து எழுதுங்க.