காலையில் வண்டி விடும் வெள்ளைப் புகை

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் வண்டியை முடுக்கியதும் புகைக்குழாயிலிருந்து வெண்மையாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் புகையன்று, நீராவி. பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்! குளிர்ந்த குழாயில் அது பனிபோல் திரண்டு தெரிகிறது. குழாய் சூடேறினால் சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

மறையாவிட்டால்தான் கவலை. எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவந்த பழைய வேன் நினைவுக்கு வருகிறது. அதன் ஓட்டுநர் அண்ணன் தினமும் ரேடியேட்டரில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றுவார். தரையிலோ ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. "வெயிலில் வற்றுகிறது, சார்" என்பார். மூடிய ரேடியேட்டரில் தண்ணீர் அப்படி வற்றுமா? இயந்திரத்தின் ஹெட் கேஸ்கெட் கிழிந்து, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்து, வெள்ளைப் புகையாக வெளியேறிக்கொண்டிருந்தது. எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தோம். பால் கலந்த தேநீர் நிறம். அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஓர் ஏற்றத்தில் இயந்திரம் கொதித்து நின்றது, ஹெட்டும் வளைந்துபோயிற்று. கேஸ்கெட் மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பன்மடங்காயிற்று. வேன் திரும்பும்வரை என் வகுப்பில் பாதி நாற்காலிகள் காலி.

டீசல் வேனில் கண்ணைக் கரிக்கும் நெடியோடு வெள்ளைப் புகை வந்தால், அது எரியாத டீசலாக இருக்கலாம். குளோ பிளக்கை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியைக் காலையில், வண்டியை முடுக்குமுன் திறந்து பாருங்கள். சூடாக இருக்கையில் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.