உளவியல் பட்டம்: பேராதனைக்குப் போகுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

உயர்தரப் பெறுபேறு வந்து, எந்தக் கற்கைநெறிக்கு விண்ணப்பிப்பது என்று வீட்டார் கூடிப் பேசும் நாட்களில், யட்டவத்தப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஒன்று "நான் உளவியல் படிக்கப் போறேன்" என்று சொல்லட்டும். "பைத்தியக்காரங்களப் பாக்குற படிப்பா?" என்ற கேள்வி உடனே வரும். அதற்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அடுத்து வரும் "வேலை கெடைக்குமா?" என்ற கேள்விதான் கடினம். கூலிக் காசில் பிள்ளையைப் படிக்கவைத்த பெற்றோருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. அதற்குச் சரியான பதில் தெரியாமல் இந்தப் படிப்பில் கால் வைக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வழி. உயர்தரத்தில் உளவியல் ஒரு பாடமாக இல்லை. ஆகவே இதற்கென்று முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு வருபவர் எவரும் இல்லை. கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞானமுறையும் எடுத்தவர்களுக்குச் சிறிய அனுகூலம் இருக்கும், அவ்வளவுதான். யட்டவத்தவிலிருந்து மாத்தளைக்கு வந்தால், அங்கிருந்து பேராதனை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 1880இல் திறந்த மாத்தளை ரயில் பாதை இன்றும் கண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் நெடுங்காலம் மெய்யியலோடு சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. இப்போது கலைப்பீடத்தில் அதற்குத் தனித்துறை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலும் உளவியல் படிக்கலாம்.

பல குடும்பங்கள் தவறவிடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. இசட் புள்ளியை வைத்துக் கிடைப்பது கலைப்பீடத்துக்கான அனுமதி. அதனாலேயே உளவியலில் இடம் கிடைத்துவிட்டதாக ஆகாது. முதலாம் வருடத்தில் வேறு பாடங்களோடு உளவியலையும் எடுத்து, அதில் நல்ல புள்ளி பெற்றவர்களே நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குள் நுழைகிறார்கள். மற்றவர்கள் மூன்று வருடப் பொதுப் பட்டத்தில் அதை ஒரு பாடமாகப் படித்து முடிக்கிறார்கள். பின்னாளில் "நான் உளவியலாளர்" என்று சொல்ல ஆசைப்படுபவருக்கு இந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் பெரியது. முதலாம் வருடத்தைப் பழகிக்கொள்ளும் வருடம் என்று எண்ணி அசட்டையாகக் கழிப்பது இந்தப் பாடத்தில் செல்லாது.

பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் உளவியல் விஞ்ஞானச் சிறப்புப் பட்டம் உண்டு. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. கட்டணம் கட்டவேண்டும், ஆங்கிலத்தில் படிக்கவேண்டும். கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை வழங்கும் தனியார் நிறுவனங்களும் பல. தோட்டக் குடும்பம் ஒன்று அந்தச் செலவைத் தாங்குவது மிகக் கடினம்.

சரி, உள்ளே போனபின் என்ன படிப்பார்கள்? மனிதர் மனத்தை வாசிக்கும் வித்தையை எதிர்பார்த்து வரும் மாணவரை முதலில் வரவேற்பது புள்ளிவிபரவியல். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வுகூடத்தை அமைத்த நாளிலிருந்து இந்தத் துறை அளந்து பார்க்கும் துறையாகவே வளர்ந்திருக்கிறது. ஞாபகம், புலன்காட்சி, மூளையும் நரம்பும், குழந்தை வளர்ச்சி, குழுவுக்குள் மனிதர் நடந்துகொள்ளும் விதம், உளக் கோளாறுகள் என்று பாடங்கள் விரியும். ஒவ்வொன்றிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்றுதான்: இது உனக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கேள்வியை உளவியல் தன்னிடமே கேட்டுக்கொண்டது. புகழ்பெற்ற ஆய்விதழ்களில் வெளிவந்த 100 ஆய்வுகளை ஆராய்ச்சியாளர் பலர் சேர்ந்து மறுபடி செய்து பார்த்து, 2015இல் முடிவை வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 திட்டமான விளைவைக் காட்டியிருந்தன. மறுபடி செய்தபோது அப்படிக் காட்டியவை நூற்றுக்கு 36தான். இன்னொரு கணக்கு இதைவிட நமக்கு நெருக்கமானது. முன்னணி உளவியல் இதழ்களின் ஆய்வுகளில் பங்கெடுத்தவர்களில் நூற்றுக்கு 96 பேர், உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு 12 மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் ஜெஃப்ரி ஆர்னெட் காட்டினார். மாத்தளை லயத்து அறையில் வளர்ந்த ஒருவரின் மனம் பாடநூலுக்குள் இன்னும் ஏறவில்லை என்பதே இதன் பொருள்.

இதைப் பேராதனையோடு தொடர்புடைய ஒருவரே கூர்மையாக எழுப்பியிருக்கிறார். அங்கே படித்து, அங்கேயே கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மேற்கில் மனச்சோர்வு நோய் என்று பெயரிடப்படும் அறிகுறிகளை இலங்கைப் பௌத்தர் ஒருவர் வாழ்வின் துக்கத்தை உணர்ந்த நிலையாகவும் கொள்ளலாம் என்று வாதிட்டார். எது நோய், எது வாழ்க்கை என்று தீர்மானிக்க அந்த மண்ணின் மொழியும் நம்பிக்கையும் தெரியவேண்டும். வடக்கில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்குள் வாழ்ந்த மக்களின் மனக்காயத்தை அவர்கள் நடுவில் இருந்தே ஆராய்ந்தார். தமிழில் "மனவடு" என்ற நூலையும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றுவித்தன. மலையகத்துக்கும் அப்படி உள்ளிருந்து எழுதுபவர்கள் வேண்டும். தலைமன்னாரில் இறங்கிய மலையகத் தமிழரின் முன்னோர் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்ததை நினைவுகூர்ந்து, 2023இல் அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது. அந்த 200 வருட நினைவு தலைமுறைகளுக்குள் எப்படி இறங்கியிருக்கிறது, லயத்து நெருக்கம் பிள்ளைகளின் வளர்ச்சியில் என்ன செய்கிறது, குடி ஏன் இப்படி வேர்விட்டது என்று கேட்டு ஆராய, தோட்டத்துப் பேச்சு புரிந்த உளவியல் மாணவரே பொருத்தமானவர்.

ஆராய்ச்சி உயிரைக் காப்பாற்றுமா என்றால், இலங்கையே சாட்சி. 1995இல் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். 2005இல் அது சுமார் 24 ஆகக் குறைந்தது. கொடிய பூச்சிகொல்லிகளுக்கு விதித்த தடையே இதற்கு முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஒரு கணத்துத் தவிப்பில் எடுக்கும் முடிவுகள் பல. அந்தக் கணத்தைக் கடத்திவிட்டால் மனிதர் பிழைக்கிறார். துயரத்தைப் பற்றி ஊரில் சொல்லப்படும் விளக்கம் எல்லாவற்றையும்விட இது எனக்கு நம்பிக்கை தருகிறது.

இனி வேலை. பட்டம் மட்டும் எவரையும் சிகிச்சையளிப்பவர் ஆக்காது. உளமருத்துவர் என்பவர் வைத்தியப் பட்டம் பெற்றவர். மருந்து எழுதுபவர் அவரே. வைத்தியசாலையில் மருத்துவ உளவியலாளராக அமர, பட்டத்துக்கு மேல் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையுடன் கூடிய பயிற்சியும் வேண்டும். நான்கு வருடத்தோடு இன்னும் சில வருடங்களைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். முதற்பட்டத்தோடு நிற்பவர்களுக்குப் பிரதேச செயலகங்களில் உளவளத்துணைப் பணி, பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டல், தொண்டு நிறுவனங்களின் உளசமூகத் திட்டங்கள், கம்பனிகளின் மனிதவளப் பிரிவு என வாய்ப்புகள் உண்டு. அரச நியமனங்கள் காலம் பார்த்தே வரும். பட்டம் முடிந்த மறுமாதமே கிடைக்கும் என்று வீட்டாருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். ஆனால் வாய்விட்டு அழ வந்த ஒரு பெண் தன் சொந்த மொழியில் பேச ஆள் இல்லாமல் திரும்பிப் போவது இந்த மாவட்டத்தில் ஒரு நாளும் நடக்கக்கூடாது. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் உளவளத்துணையாளர் மாத்தளைக்கு எத்தனை பேர் வந்தாலும் போதாது.

மொழி இன்னொரு பக்கமும் வெட்டும். நல்ல பாடநூல்களும் ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. விரிவுரை எந்த மொழியில், பரீட்சை எந்த மொழியில் என்பதைப் பதிவின்போதே துறையில் நேரில் கேட்டறியவேண்டும். உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் அழைக்கும்வரை கிடைக்கும் நீண்ட இடைவெளியில் ஆங்கில வாசிப்பையும், சாதாரண தரக் கணிதத்தில் விட்டுப்போன சதவீதம், சராசரி, வரைபு, நிகழ்தகவு ஆகியவற்றையும் மீட்டுக்கொண்டவர்கள் முதலாம் வருடத்தில் தடுமாறமாட்டார்கள். படிக்கும் காலத்தில் தனக்கே மனம் கனத்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உளவியல் மாணவர் அழைப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.