தெருவில் ஆடிய சிறுமி... ராணி கையால் கோப்பை!

நன்றாக விளையாடத் தெரிந்தும், "உன்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம்" என்று யாராவது சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அழுகை வரும், கோபமும் வரும். அமெரிக்காவில் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நடந்தது. காரணம் என்ன தெரியுமா? அவரது தோலின் நிறம்!

அவர் பெயர் அல்தியா கிப்சன். 1927ம் ஆண்டு தெற்கு கரோலினா மாநிலத்தில், சில்வர் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்தவர்கள். பிழைப்புத் தேடி, குடும்பம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக்கு வந்தது.

அவர்கள் குடியிருந்த தெருவில், பகலில் வண்டிகளைத் தடுத்து, பிள்ளைகள் விளையாட இடம் விடுவார்கள். அங்கே, நரம்பு கட்டாத மர மட்டையால் ஆடும் 'பேடில் டென்னிஸ்' ஆட்டத்தை அல்தியா கற்றுக்கொண்டார். 12 வயதிலேயே நகர சாம்பியன்! அவர் திறமையைக் கண்ட அக்கம்பக்கத்தார், ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு டென்னிஸ் கிளப்பில் சேர்த்துவிட்டனர்.

அந்நாளில் கருப்பின வீரர்களுக்குத் தனிச் சங்கம், தனிப் போட்டி. அதில் 1947 முதல் 1956 வரை, தொடர்ந்து பத்து ஆண்டுகள் அல்தியாவே சாம்பியன். ஆனால், அமெரிக்க தேசியப் போட்டியின் கதவு மட்டும் திறக்கவில்லை. 'கருப்பினத்தவர் ஆடக் கூடாது' என்று விதி எதுவும் இல்லை. ஆனால், தகுதி பெற சில போட்டிகளில் ஆட வேண்டும். அவை நடந்த கிளப்புகளோ, வெள்ளையரை மட்டுமே உள்ளே விட்டன. பிறகு எப்படித் தகுதி பெறுவது?

அப்போது அவருக்காக ஒருவர் பேசினார். அவர், 1939ல் விம்பிள்டன் வென்ற வெள்ளைக்கார வீராங்கனை ஆலிஸ் மார்பிள். அல்தியாவுக்கு வாய்ப்பு மறுப்பது நம் விளையாட்டுக்கே வெட்கக்கேடு என்ற பொருளில், 1950ல் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் கதவு திறந்தது!

இரண்டாவது சுற்றில் எதிரே நின்றவர், விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிராவ். கடைசி செட்டில் அல்தியா 7-6 என முன்னிலை. அந்த நேரம் பார்த்து, இடியுடன் மழை! மின்னல் தாக்கி, அரங்கின் உச்சியிலிருந்த கல் கழுகு கீழே விழுந்தது. மறுநாள் ஆட்டம் தொடர்ந்தபோது, 7-9 என்று தோற்றுப் போனார்.

அல்தியா துவண்டுவிடவில்லை. 1956ல் பிரெஞ்சுப் பட்டம் வென்று, கிராண்ட்ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் கருப்பினத்தவர் ஆனார். 1957ல் விம்பிள்டன் கோப்பையை ராணி எலிசபெத் கையால் வாங்கினார். அதே ஆண்டில் அமெரிக்கப் பட்டமும் அவருக்கே. 1958ல் மீண்டும் இரண்டையும் வென்றார். அக்காலத்தில் இந்தப் போட்டிகளில் பரிசுப் பணம் கிடையாது; கோப்பையும் புகழும் மட்டும்தான்.

அல்தியா 2003ல் மறைந்தார். யு.எஸ். ஓபன் நடக்கும் நியூயார்க் மைதானத்தில், 2019ல் அவருக்குச் சிலை வைத்தனர்.

குழந்தைகளே, அல்தியாவின் உழைப்பைப் பாராட்டும்போது ஆலிஸையும் மறந்துவிடாதீர்கள். அடுத்த முறை நீங்கள் விளையாடும்போது, யாராவது ஓரமாக நின்று ஆசையோடு பார்த்தால் என்ன செய்வீர்கள்? "வா, நீயும் ஆடு!" என்று கூப்பிடுவீர்கள்தானே?