ஒற்றைப் பதிவுச் சித்திரம்

அச்சு என்றவுடன் ஓர் உருவம் ஆயிரம் பிரதிகளாய்ப் பெருகுவதே நம் நினைவுக்கு வரும். ஒரே பிரதியோடு முடிந்துவிடும் அச்சும் உண்டு. மோனோடைப் எனப்படும் அதனை ஒற்றைப் பதிவு என நாம் வழங்கலாம்.

வழுவழுப்பான கண்ணாடியிலோ உலோகத் தகட்டிலோ மையால் சித்திரந் தீட்டி, அஃது உலருமுன் காகிதத்தைப் பரப்பிக் கையாலேனும் கரண்டியின் முதுகாலேனும் தேய்த்தெடுப்பர். தகட்டில் செதுக்கிய கோடு யாதுமின்மையால் இரண்டாம் பிரதி மங்கலாகவே அமையும். மை எங்ஙனம் பரவுமென்பதைத் தீட்டியவரும் முற்றும் அறியார்.

கனவையும் தற்செயலையும் துணைக்கொண்ட ஸர்ரியலிஸ்டுகளுக்கு இத்தகைய முறைகள் உவப்பாயின. ஜெர்மனியிற் பிறந்த மாக்ஸ் எர்ன்ஸ்ட், 1925-இல் தரைப்பலகைமேல் காகிதமிட்டுப் பென்ஸிலால் தேய்த்து, மரவரிகளினின்று விசித்திர உருவங்களைத் தோற்றுவித்தார்.

நாஜி அரசோ மனிதர் மனமனைத்தையும் ஒரே அச்சில் வார்க்க விரும்பிற்று. 1937-இல் மியூனிச்சில் நவீன ஓவியங்களைச் 'சீர்கெட்ட கலை' என இகழ்ந்து காட்சிக்கு வைத்தது. ஹன்னா ஹோக் என்னும் பெண்மணி 1939 முதல் பெர்லினின் ஓரத்திலுள்ள ஹைலிகன்ஸேயில் ஒதுங்கி வாழ்ந்து, தம் நண்பர்களின் படைப்புகளைக் காத்தார். 1945-இல் போர் ஓய்ந்தது. அவ்வாண்டிலேயே பெர்லினில் திறக்கப்பெற்ற கெர்ட் ரோஸன் சித்திரசாலையில், ஹோக், ஹைன்ஸ் ட்ரோகஸ், மாக் ஸிம்மர்மன் முதலியோரின் கனவுச் சித்திரங்கள் பின்னர் வெளிச்சங் கண்டன. கார்ல் ஓட்டோ கெட்ஸ் அக்காலத்தே ஒற்றைப் பதிவுகளை இயற்றினார்.

ஒற்றைப் பதிவு தொலையின் அதற்கீடாக வேறொன்றை அச்சிடல் இயலாது. மனிதர் ஒவ்வொருவரின் உள்ளமும் அத்தகையதே. ஆதலின் இரண்டையும் பேணுதல் நம் கடனாம்.