சனிக்கிழமைப் பானை

ஒரு நாள் முழுவதும் நீங்கள் அடுப்பங்கரைப் பக்கமே போகக் கூடாது என்று யாராவது சட்டம் போட்டால் எப்படி இருக்கும்? "போடட்டுமே, புண்ணியமாய்ப் போகும்!" என்றுதானே சொல்வீர்கள்? ஆனால் அடுத்த நிமிஷமே உங்கள் மனத்தில் வேறொரு கேள்வி எழும்: "அன்றைக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி?"

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் நியூ இங்கிலாந்து என்ற பிரதேசம் இருக்கிறது. பாஸ்டன் நகரம் அங்கேதான். 17-ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்குச் சனிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வு நாள் தொடங்கிவிடும். ஞாயிறு சூரியன் மறையும் வரையில் ஒரு வேலையும் செய்யக் கூடாது. சமையலும் வேலைதானே? சட்டம் போட்டவர்கள் ஆண்கள். சாப்பாட்டுக்கு வழி கண்டுபிடித்தவர்கள் பெண்கள்!

அந்த வழிதான் 'பேக்ட் பீன்ஸ்'. சனிக்கிழமை காலையிலேயே பயற்றை ஒரு மண் பானையில் போட்டு, உப்பில் ஊறிய பன்றிக் கொழுப்பும் கொஞ்சம் தித்திப்பும் சேர்த்து, மூடி அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். அது பொழுதெல்லாம் மெல்ல மெல்ல வெந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தயாராகிவிடும். மிச்சம் இருப்பது அடுப்புச் சூட்டிலேயே கிடந்து ஞாயிறு காலைக்கும் உதவும். பாஸ்டனுக்குப் 'பயறுப் பட்டணம்' என்ற செல்லப் பெயர் கிடைத்ததே இந்தப் பானையால்தான்.

வடக்கே மெயின் மாநிலத்துக் காடுகளில் மரம் வெட்டியவர்கள் இன்னொரு தினுசு செய்தார்கள். தரையில் ஆழமாகக் குழி தோண்டி, கல் பரப்பி, கட்டையை எரித்துத் தணலாக்கி, அதிலே இரும்புப் பானையைப் புதைத்து மண்ணால் மூடிவிடுவார்கள். மறுநாள் தோண்டி எடுத்தால், பயற்றில் ஓர் அருமையான புகை மணம்!

சனிக்கிழமை விரதமெல்லாம் போய்விட்டது. பானை போகவில்லை. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை அமெரிக்காவில் கோடைக் கொண்டாட்டம். வீட்டுப் பின்புறத்தில் கரி அடுப்பை மூட்டி, இறைச்சியும் சோளக்கதிரும் சுட்டு, உற்றார் உறவினரோடு வெட்டவெளியில் சாப்பிடுவதற்குக் 'குக்-அவுட்' என்று பெயர். ஜூலை 4, சுதந்திர தினத்தன்று கேட்கவே வேண்டாம். அந்தப் பந்தியில் இனிப்பும் புகை வாசனையுமாக ஒரு சட்டி பீன்ஸ் அவசியம் இருக்கும்.

கறுப்புப் பாகின் கசப்புக் கதை

அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? 'மொலாஸஸ்' என்ற பாகிலிருந்து. கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பிறகு எஞ்சுகிற கெட்டியான கறுப்புப் பாகு அது. நியூ இங்கிலாந்தில் கரும்பு விளையாது. கரீபியத் தீவுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாகக் கப்பலில் வந்து இறங்கிற்று. அந்தத் தீவுகளில் கரும்பு வெட்டியவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்து அடிமைகளாக விற்கப்பட்ட ஆண்களும் பெண்களும். பாகின் பெரும் பகுதி நியூ இங்கிலாந்தில் 'ரம்' என்ற சாராயமாக மாறியது. அந்தச் சாராயத்தைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில் மேலும் அடிமைகளை வாங்கினார்கள். 1733-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் பிறநாட்டுத் தீவுகளின் மொலாஸஸுக்குத் தனிச் சட்டம் செய்து வரி போட்டது என்றால், அந்த வியாபாரம் எவ்வளவு பெரிதாய் இருந்திருக்க வேண்டும், பாருங்கள்!

பாஸ்டன் வீட்டுக்காரிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தந்தது அந்தப் பானை. அதற்கு இனிப்புக் கொடுத்த பெண்களுக்கோ கரும்புத் தோட்டத்தில் ஓய்வு என்பதே கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு சாப்பிடுவதால் ருசி குறைந்துவிடாது. தெரியாமல் சாப்பிடுவதுதான் நியாயமில்லை.

முதலில் எது, பிறகு எது?

சரி, பானைக்கு வருவோம். "நாலு மணி நேரம் வேக வைத்தேன், பயறு கல்லாகவே இருக்கிறது!" என்று புலம்புகிறவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. காரணம் நம் வீட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. பருப்பு வேகும் முன்னால் யாராவது புளியைக் கரைத்து ஊற்றுவார்களா? ஊற்றினால் அன்றைக்குச் சாம்பார் உருப்பட்ட மாதிரிதான்!

இங்கேயும் அதே சங்கதி. பயற்றின் உள்ளே இருக்கும் நுண்ணிய சுவர்களைப் பெக்டின் முதலிய பொருள்கள் பசைபோல் பிடித்து வைத்திருக்கின்றன. வேகும்போது அந்தப் பசை கரைவதால்தான் பயறு மிருதுவாகிறது. புளிப்பு, சர்க்கரை, சுண்ணாம்புச் சத்து மூன்றும் அதைக் கரையவிடாமல் தடுக்கும். மொலாஸஸிலோ இந்த மூன்றுமே இருக்கின்றன! ஆகவே வேகாத பயற்றில் அதை ஊற்றினால் பயறு விறைத்துக்கொள்ளும். வெந்த பயற்றில் ஊற்றினாலோ அதுவே உபகாரம்: எத்தனை மணி நேரம் அடுப்பில் இருந்தாலும் பயறு கூழாகிவிடாமல் முழுசு முழுசாக நிற்கும். ஒரே பொருள், முன்னால் சேர்த்தால் விரோதி, பின்னால் சேர்த்தால் சிநேகிதன்!

வெந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1896-இல் வெளியான ஃபேனி ஃபார்மர் அம்மையாரின் பாஸ்டன் சமையற் புத்தகத்தில் ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நாலு பயற்றைக் கரண்டி நுனியில் எடுத்து வாயால் ஊதிப் பாருங்கள். தோல் வெடித்தால், பானைக்குள் போகலாம்.

பக்குவம்

எட்டுப் பத்துப் பேருக்கு வேண்டியவை: 'நேவி பீன்ஸ்' என்ற சிறிய வெள்ளைப் பயறு 450 கிராம், பெரிய வெங்காயம் 1, மொலாஸஸ் கப்பில் மூன்றில் ஒரு பங்கு, பழுப்புச் சர்க்கரை கால் கப், தக்காளி கெச்சப் கால் கப், கடுகுத் தூள் 2 டீஸ்பூன், புகையில் உலர்த்திய பாப்ரிகா மிளகாய்த் தூள் 2 டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகுத் தூள் கொஞ்சம், வினிகர் 1 மேஜைக்கரண்டி. மாமிசம் சாப்பிடுகிறவர்கள் 'பேக்கன்' என்ற புகையூட்டிய பன்றி இறைச்சி 150 கிராம் சேர்ப்பார்கள்.

முதல் நாள் இரவே பயற்றை நிறையத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பிறகு தணலைக் குறைத்து, தோல் வெடிக்கும் பதம் வரும்வரை வேக விடுங்கள். சுமார் ஒரு மணி நேரம் ஆகும். வெந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள்.

அடி கனமான பாத்திரத்தில் பேக்கனை வறுத்து, கசியும் கொழுப்பிலேயே நறுக்கிய வெங்காயத்தை வதக்க வேண்டும். பயற்றைப் போட்டு, வினிகர் நீங்கலாக மற்றதையெல்லாம் சேர்த்து, வேகவைத்த நீரைப் பயறு மூழ்கி அரை அங்குலம் நிற்கும்படி விடுங்கள். மூடி, 150 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் ஓவனில் மூன்று மணி நேரம் வையுங்கள். மணிக்கு ஒரு முறை திறந்து பார்த்து, வற்றியிருந்தால் வெந்நீர் ஊற்றுங்கள். கடைசி ஒரு மணி நேரம் மூடியை எடுத்துவிட்டால் மேலே பளபளவென்று பாகு படியும். இறக்கும்போது வினிகர் சேருங்கள், திகட்டாது.

புகை மணம் இன்னும் தூக்கலாக வேண்டுமா? அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு, திறந்த பாத்திரத்தை மூடியுள்ள கரி அடுப்புக்குள் மாற்றி, தணலில் ஆப்பிள் அல்லது ஹிக்கரி மரச் சீவல்களைத் தூவி, அடுப்பின் மூடியைச் சாத்திவிடுங்கள்.

"பேக்கன் சேர்ந்த பண்டம் நமக்கு எதற்கு?" என்று சைவக்காரர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மூன்று மேஜைக்கரண்டி வெண்ணெயில் வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பாப்ரிகாவைச் சற்று அதிகமாகப் போட்டால் போதும். ஆனால் அங்கே போய் விருந்து சாப்பிடும்போது மட்டும் ஜாக்கிரதை. பார்வைக்கு வெறும் பயறு மாதிரி இருக்கும். உள்ளே கொழுப்பு கரைந்திருக்கும். கூச்சப்படாமல் கேட்டுவிடுவதே நல்லது.

இரண்டு எச்சரிக்கைகள்

வெள்ளைப் பயறு கிடைக்காமல் சிவப்பு ராஜ்மாவைப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். வேகாத ராஜ்மாவில் ஒரு விஷம் இருக்கிறது. நாலைந்து பயறு தின்றாலே வாந்தியும் பேதியும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் 30 நிமிஷம் கொதிக்க வைக்க வேண்டும். மின்சார 'ஸ்லோ குக்க'ரின் மந்தச் சூட்டை நம்பி ஊறவைத்த ராஜ்மாவை நேரே அதில் போடவே கூடாது.

இரண்டாவது, வெயில். சமைத்த பண்டத்தை ஆறவிட்டு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். கடுங்கோடையானால் ஒரு மணி நேரமே அதிகம்.

இந்தப் பண்டம் மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும். ஆகவே விருந்துக்கு முதல் நாளே செய்து குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, மறுநாள் கொஞ்சம் வெந்நீர் விட்டு நன்றாகச் சூடாக்கினால் தீர்ந்தது வேலை. வந்தவர்கள் சிரித்துப் பேசும்போது சமைத்தவள் மட்டும் புகையில் நின்று கண்ணைக் கசக்க வேண்டாம். அவளும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

அமெரிக்காவில் இருக்கும் பெண்ணோ மருமகளோ டெலிபோனில் பக்குவம் கேட்டால், அளவையெல்லாம் மறந்துவிட்டாலும் இதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: "முதலில் வேகட்டும், அப்புறம் இனிக்கட்டும். அடுப்பில் வைத்த பிறகு நீயும் கொஞ்சம் உட்கார், அம்மா!"