பேய் வேட்டைக்கு எதுக்கு ராக் பாட்டு?

பேய்க் கதைன்னா வயலின் கீச்சிடும், கதவு கிறீச்சிடும். ஆனால், அமெரிக்காவின் ‘சூப்பர்நேச்சுரல்’ தொடரில் அதிர்ந்தது பழைய ராக் இசை. 2005 முதல் 2020 வரை, 15 சீசன்கள், 327 எபிசோடுகள்!

ஏன் ராக்?

தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கி இந்த இசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். கதையிலும் காரணம் உண்டு. ஊர் ஊராகப் பேய் வேட்டைக்குப் போகும் டீன், சாம் சகோதரர்களுக்கு நிலையான வீடு இல்லை. அப்பா கொடுத்த 1967 மாடல் இம்பாலா காரும், அதிலிருக்கும் கேசட் பெட்டியும்தான் வீடு. முதல் எபிசோடிலேயே தம்பி சாம் அந்த கேசட்டுகளைக் கிண்டலடிப்பான். வண்டி ஓட்டுறவன்தான் பாட்டை முடிவு பண்ணுவான் என்று அண்ணன் டீன் வாயை அடைத்துவிடுவான்.

எந்தப் பாட்டு ஸ்பெஷல்?

கன்சாஸ் இசைக்குழுவின் 1976 பாடல் ‘கேரி ஆன் வேவர்ட் சன்’. சகோதரர்களின் சொந்த மாகாணமும் கன்சாஸ்தான். சீசன் முடியும்போது முன்கதைச் சுருக்கம் இந்தப் பாட்டோடு ஓடுவது வழக்கம்.

கடைசியில் என்ன ஆச்சு? (ஸ்பாய்லர்!)

நிறைவு எபிசோடின் பெயரே ‘கேரி ஆன்’. இறந்து சொர்க்கம் போன டீன், இம்பாலாவில் ஏறி ஓட்டுகிறான். அதே பாட்டு ஒலிக்கிறது. அத்தனை வருஷமா ‘இன்னும் போகணும்’ என்று அவனைத் துரத்திய பாட்டு, அன்றுதான் அவனுக்கு ஓய்வு கொடுத்தது.